சுடுகிற வேலை

பீரங்கியார் தம் ஆயுளில் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தால் நமக்கும் வயசாகிவிடும்.

தெருவில் விலாசம் சொல்வதே அவர் வீட்டை வைத்துத்தான். "பீரங்கி வீட்டுக்கு எதிர்வீடு", "பீரங்கி வீட்டைத் தாண்டி ரெண்டாவது வாசல்" என்பார்கள். அவர் மனைவிக்குப் பீரங்கியம்மா என்று பெயர். அந்த அம்மாள் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால், அந்தப் பெயர் இருவரில் யாருக்குப் பொருத்தம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அவரோ மீசை மட்டும் பெரியது, மற்றபடி கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்துகிற மனுஷர்.

போர்க்கப்பலில் வேலை பார்த்தது நிஜம். போர் நடந்தபோது கப்பலில் இருந்ததும் நிஜம். இதில் பொய் எங்கே இருக்கிறது, எடுத்துக் காட்டு என்று யாராவது கேட்டால் அவரால் காட்ட முடியாது. அதுதான் இத்தனை வருஷமாக அவருக்கு இருந்த தைரியம்.

விஷயம் தொடங்கியது கல்யாணப் பேச்சில். கப்பல் வேலை முடிந்து கரைக்கு வந்த புதிது. பெண்ணின் தாய்மாமன் எதிரே உட்கார்ந்துகொண்டு, "மாப்பிள்ளைக்குக் கப்பல்ல என்ன வேலை?" என்று கேட்டார்.

"சுடுற வேலைங்க" என்றார் இவர்.

ரொட்டி என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் தாய்மாமன் தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "பீரங்கியா!" என்று எழுந்தே நின்றுவிட்டார். "போர்லயும் சுட்டீங்களா?"

"போர்லயும் சுட்டேங்க" என்றார் மாப்பிள்ளை. அதுவும் சத்தியமான வார்த்தைதான். போர் நடக்கிறது என்பதற்காக யாருக்காவது பசிக்காமல் இருக்குமா?

நம் மொழி செய்த வேலை இது. ரொட்டியையும் சுடுகிறோம், ஆளையும் சுடுகிறோம், அசந்தால் பக்கத்து ஆள் பேனாவையும் சுட்டுவிடுகிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, கேட்கிறவன் இஷ்டப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறோம். தாய்மாமன் தம் இஷ்டப்படி எடுத்துக்கொண்டார். அன்றைக்குப் பெண் வீட்டில் கிடைத்த மரியாதை இருக்கிறதே, அதைத் திருப்பிக் கொடுக்க இருபத்துச் சொச்சம் வயசு ஆளுக்கு மனசு வருமா? வரவில்லை.

மனைவிக்கு மட்டும் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது. ஆசையாக அவளுக்கு ஒரு ரொட்டி சுட்டுக் கொடுத்தார். அவள் அதைப் பிட்டு வாயில் போட்டாள், அவர் மாவு பிசைந்த வேகத்தை நினைத்துப் பார்த்தாள், "இதுதான் நீங்க சுட்டதா?" என்று கேட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "மாமாகிட்ட மூச்சு விட்றாதீங்க. அவரு ஊர் பூரா தண்டோரா போட்டுட்டாரு."

அன்றோடு பீரங்கியார் அடுப்படிப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார். மாவைத் தொட்டால் கை காட்டிக் கொடுத்துவிடும் என்று பயம். வாரத்துக்கு ஒரு நாளாவது கை ஊறும். பிசைய ஒன்றும் இல்லாமல் துண்டைப் பிழிந்து உலர்த்துவார். பிறகு ஒரு வங்கி வாசலில் காவல் வேலை கிடைத்தது. பழைய கப்பல்காரர், போரில் சுட்டவர் என்று கேட்டவுடனே கையில் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் அவருக்கு ஒரே வேண்டுதல்: கொள்ளையடிக்க யாரும் வந்துவிடக் கூடாது. யாரும் வரவில்லை. எல்லாம் அந்த மீசையின் மகிமை என்று மேலாளர் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் எவளாவது வம்புக்கு வந்தால், "எங்கப்பா யார் தெரியுமில்ல? போர்ல சுட்டவர்" என்பாள். அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறார். பரீட்சை முடியட்டும் என்று பார்த்தார், காலேஜ் முடியட்டும் என்று பார்த்தார், கல்யாணம் முடியட்டும் என்று பார்த்தார். கல்யாணமும் முடிந்தது. சம்பந்தி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். போர்ச் செய்திகளைக் கரைத்துக் குடித்தவர். "எங்க சம்பந்தி பீரங்கிக்காரர்" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்கிறவர். இனிமேல் எங்கே சொல்வது? மகளுக்குப் புகுந்த வீட்டில் தலைகுனிவு வராதா? இப்படித் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், அந்தக் கப்பலை ஓய்வு கொடுத்துத் துறைமுகத்தில் நிறுத்தி அருங்காட்சியகமாக்கினார்கள்.

சம்பந்தியே ஃபோன் செய்தார். "கிளம்புங்க சம்பந்தி. நீங்க நின்ன இடத்தை நீங்களே காட்டி நாங்க பாக்கணும். மருமகளும் வர்றா."

 பீரங்கியார் முதுகுவலி என்று சொல்லிப் பார்த்தார், செல்லவில்லை. பழைய கப்பல்காரர்கள் கூடும் கூட்டத்துக்கெல்லாம் அந்த முதுகுவலியைச் சொல்லித்தான் போகாமல் இருந்தார். சம்பந்தியிடம் அது எடுபடவில்லை. காரோடு வாசலில் வந்து நின்றுவிட்டார். மூட்டுவலியால் வீட்டில் தங்கிவிட்ட மனைவி மட்டும் கதவருகே வந்து மெதுவாகச் சொன்னாள்: "போன இடத்துல வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க."

மேல்தளத்தை மட்டும் சுற்றிக் காட்டிவிட்டு, கீழே படி செங்குத்து என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. கப்பலில் ஏறியதும் தரையில் மஞ்சள் அம்புக்குறிகள். எல்லாரும் முதலில் கீழே இறங்க வேண்டும், கடைசியில்தான் மேலே பீரங்கித் தளம். எதிர்த்திசையில் போக அனுமதி இல்லை என்று எழுதியும் வைத்திருந்தார்கள்.

கீழே இறங்கியதும் ஒரு வேடிக்கை நடந்தது. இரும்புக் கதவுகள் தோறும் அவர் கால் தானாகவே உயர்ந்தது, தலை தானாகவே குனிந்தது. சம்பந்திக்கு நெற்றியில் ரெண்டு இடத்தில் வீங்கிவிட்டது. "பாத்தியாம்மா, உங்கப்பா உடம்பு மறக்கல" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே மகளிடம் சொன்னார். எண்ணெயும் பெயிண்டும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் பீரங்கியாருக்குப் பயம்கூடக் கொஞ்சம் விட்டுப்போனது. ஓர் இளைஞனின் சந்தோஷம் உடம்பில் ஓடியது. சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார். அப்படியே நடந்து, எந்த வளைவில் திரும்புகிறோம் என்று யோசிக்காமலே திரும்பிவிட்டார்.

ரொட்டி அறை.

அடுப்பு அதே அடுப்பு. மாவு பிசைகிற மேஜை அதே மேஜை. அடுக்குகளில் மட்டும் சுண்ணாம்பில் வார்த்துப் பழுப்பு நிறம் அடித்த பொம்மை ரொட்டிகள். உள்ளே ஒரு முக்காலியில் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான். வருகிறவர்களுக்குக் கதை சொல்ல, பழைய ஆட்களில் சிலரை அங்கங்கே உட்கார வைத்திருந்தார்கள். பீரங்கியார் திரும்பி ஓடியிருக்க வேண்டும். பின்னால் சம்பந்தி நின்றார்.

"டேய் மாவு!"

கிழவன் முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். பல் போன குரல். ஆனால் யார் என்று தெரிய பீரங்கியாருக்கு ஒரு நொடி போதும். உப்பு. கப்பலில் இவருக்கு மாவு என்றும் அவனுக்கு உப்பு என்றும்தான் பெயர். ஒருநாள் உப்புப் போட மறந்து மொத்தக் கப்பலையும் சப்பென்று தின்ன வைத்தவன், அதிலிருந்து அந்தப் பெயர்.

"எங்கடா போய்த் தொலஞ்ச? செத்துட்டேன்னுல்ல நினைச்சேன், பாவி!" என்று உப்பு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தான். சட்டைக்கை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தது. வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் சுருங்கிப் பளபளத்தது. கடல் கொந்தளித்த ஒரு நாள், அடுப்பிலிருந்து எடுத்த இரும்புத் தட்டு மேஜையில் சரிந்து மாவின் முகத்துக்கு நேராக வந்தது. குறுக்கே கையைக் கொடுத்தவன் உப்பு. தோல் தட்டோடு போயிற்று. அந்த வலியிலும், "உன் மூஞ்சியக் காப்பாத்திட்டேன்டா, இனிமே பொண்ணு குடுப்பாங்க" என்று சொன்னவன். அந்த முகத்துக்குத்தான் பின்னால் பெண் கொடுத்தார்கள்.

பீரங்கியார் ஓர் அடி பின்னால் வைத்தார்.

"யாருங்க நீங்க?" என்றார். "ஆள் மாறிப்போச்சு போல. நான் மேல பீரங்கியில இருந்தவன்."

அதுவரைக்கும் அவர் பொய்யே சொன்னதில்லை, மற்றவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டதைத் திருத்தாமல் விட்டார், அவ்வளவுதான் என்று நீங்கள் வாதாடலாம். அவரே அப்படித்தான் தம்மிடம் வாதாடிக்கொண்டிருந்தார். இதற்கு அந்த வாதம் செல்லாது. இது முழுப்பொய், அதுவும் யார் முகத்தைப் பார்த்து!

உப்பு நின்றுவிட்டான். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. அவன் கண் பீரங்கியாரின் மீசையைப் பார்த்தது, பின்னால் நின்ற சம்பந்தியின் கஞ்சி போட்ட சட்டையைப் பார்த்தது, மகளைப் பார்த்தது. என்ன புரிந்துகொண்டானோ, கையை இறக்கி ஏப்ரனில் துடைத்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றான். "கண்ணு மங்கிப்போச்சு. பழகின ஆள் ஒருத்தன் இருந்தான். அவன்னு நினைச்சுட்டேன்."

"நீங்க இங்க என்ன வேலை பாத்தீங்க?" என்று சம்பந்தி கேட்டார்.

"சுடுற வேலைதாங்க. சார் மேல சுட்டாரு, நாங்க கீழ சுட்டோம்."

சம்பந்திக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போய்ப் பலமாகச் சிரித்தார். உப்புவும் சிரித்தான், பீரங்கியாரின் பக்கம் திரும்பாமல். மகள் அடுப்பைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய கப்பலுக்கு நீங்க ஒருத்தரே எப்படிங்கய்யா சமாளிச்சீங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரும்மா. நானும் அந்தப் பழகின ஆளும்."

"அவரு இப்ப எங்க இருக்காரு?"

"தெரியலம்மா. எங்கயோ நல்லா இருந்தா சரி."

பீரங்கியாருக்கு அந்த இரும்புத் தரை பிளந்து தம்மை உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது. காது மடல் வரைக்கும் வெட்கம் சுட்டது. அவமானப்படுத்தியது அவர், அவமானப்பட்டவனோ அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். இதைவிட நாலு பேர் முன்னால் அறைந்திருக்கலாம்.

அம்புக்குறி மேலே கூட்டிப் போனது. பீரங்கித் தளத்தில் வெயில். பீரங்கியின் நீண்ட குழாய்க்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி, "இப்ப சொல்லுங்க சம்பந்தி, எப்படிச் சுடுவீங்க?" என்றார் சம்பந்தி. சொல்கிறவர் போரில் சுட்டவர் என்று தெரிந்ததும் சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"சத்தம்" என்றார் பீரங்கியார். "ரொம்பச் சத்தமா இருக்கும்." எல்லாரும் மேற்கொண்டு காத்திருந்தார்கள். "அடுக்குல இருக்கற டப்பா எல்லாம் குதிக்கும்."

"அடுக்கா? இங்க ஏது அடுக்கு?"

"கீழ… கீழ இருக்கறவங்க சொல்லுவாங்க."

சம்பந்தி அதையும் ரசித்துத் தலையாட்டினார். பிறகு குழாய்மேல் கையை வைக்கச் சொன்னார், மீசையை முறுக்கச் சொன்னார், ஃபோட்டோ எடுத்தார். பீரங்கியார் சொன்னதையெல்லாம் செய்தார். 

"ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிக்கல" என்று ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார் சம்பந்தி. "அந்த ரொட்டிக்காரர். முன்னபின்ன தெரியாத பெரிய மனுஷரை எடுத்த எடுப்புல டேய்ங்கறதா? பாவிங்கறாரு! கண்ணு தெரியாதவங்களை எல்லாம் எதுக்கு உட்கார வச்சிருக்காங்க? ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

"வேணாம் சம்பந்தி."

"நீங்க பெருந்தன்மையா விடுவீங்க, எனக்குத் தெரியும். நாளைக்கு வேற ஒருத்தருக்கு இப்படி ஆகக்கூடாதில்ல?" தலைமை ஆசிரியர் நடை. விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார்.

பீரங்கியார் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். அப்படி யார் கையையும் அவர் பிடித்ததில்லை.

"அவனுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது சம்பந்தி. மாவு நான்தான்."

சம்பந்திக்கு விளங்கவில்லை. மகள் கிட்டே வந்து நின்றாள்.

"நான் சுட்டது ரொட்டி" என்றார் பீரங்கியார். "அவனும் நானும் ஒரே அடுப்புல. பீரங்கி பக்கம் நான் வந்ததே இல்ல. அவன் கை அப்படி ஆனதே எனக்காகத்தான்."

சொல்லிவிட்டு வானம் இடிந்து விழும் என்று காத்திருந்தார்.  சம்பந்தியோ தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "அட என்ன சம்பந்தி நீங்க! இதுக்கா இவ்வளவு? பீரங்கிக்காரனும் தின்னுட்டுத்தானே சுடணும்? முன்னாடியே சொல்லியிருந்தா இதை வச்சே ஊரைச் சிரிக்க வச்சிருப்பேனே!" என்று முதுகில் தட்டினார்.

அவ்வளவுதான். ஆயுள் முழுக்க மூடி மூடி வைத்த விஷயம் ஒரு தட்டில் முடிந்துவிட்டது. இதை யாரும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மகளுக்குத் தலைகுனிவு, குடும்பத்துக்குக் கேவலம் என்று அவர் நினைத்து நினைத்துப் பயந்தது எல்லாம் வெறும் பிரமை. அப்படியானால் சற்று முன்னால் கீழே அவர் செய்தது எதற்காக? ஒன்றுக்கும் இல்லை. சும்மா கிடைத்த ஒரு பெயருக்காக அவனை விற்றிருக்கிறார், அந்தப் பெயரை வாங்க ஆளே இல்லை.

மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"ரொட்டி சுட்டா என்னப்பா?" என்றாள். "அந்த மனுஷனை எதுக்குப்பா தெரியாதுன்னு சொன்னீங்க?"

 உனக்காகத்தான் என்று சொல்ல நினைத்தார். அது இன்னொரு பொய் என்று அவருக்கே தெரிந்தது.

"வாங்க" என்று அவள் அவர் முழங்கையைப் பிடித்தாள். "போய்ப் பேசுங்க."

மஞ்சள் அம்புக்குறிகளுக்கு எதிராக இருவரும் இறங்கினார்கள். எதிரே வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கினார்கள். ரொட்டி அறையில் யாரும் இல்லை. உப்பு மட்டும் ஒரு துணியால் பொம்மை ரொட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டேய் உப்பு" என்றார் பீரங்கியார்.

உப்பு திரும்பினான். "சொல்லுங்க சார்."

"நான்தான்டா. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டா. இது என் பொண்ணு."

"உட்காருங்கம்மா" என்று உப்பு முக்காலியை மகள் பக்கம் தள்ளினான்.

"திட்டுடா. நாலு அறை வேணும்னாலும் விடு. எதுவும் சொல்லாம நிக்காதடா."

"உங்களைப் போய் எப்படி சார் திட்டறது?"

அந்தக் குரலில் கோபத்தைத் தேடினார் பீரங்கியார். இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பார். வருகிற போகிறவர்களிடம் அவன் பேசுகிற அதே பதவிசான குரல்தான் இருந்தது. வெளியாள் யாரும் இல்லாத இடத்தில்கூட அந்த சார் போகவில்லை.

"ஐயா" என்றாள் மகள். "அப்பா பண்ணினது பெரிய தப்பு. நீங்க சொன்ன அந்தப் பழகின ஆள் அப்பாதான். எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க இன்னும் மறைக்க வேண்டியதில்லைங்கய்யா."

உப்பு துணியை மடித்து மேஜைமேல் வைத்தான். சுருட்டியிருந்த சட்டைக்கையை மெதுவாக இறக்கினான். வலது கைத் தழும்பு மறைந்தது. மணிக்கட்டில் பொத்தானையும் போட்டான்.

"இல்லம்மா" என்றான். "ஆள் மாறிப்போச்சுன்னு உங்கப்பா சொன்னாருல்ல. சரியாத்தான் சொன்னாரு."

வெளியே படியில் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு குடும்பம் இறங்கி வந்துகொண்டிருந்தது. உப்பு ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு அவர்களை வரவேற்க நகர்ந்தான். வாசலை அடைத்துக்கொண்டு பீரங்கியார் நின்றிருந்தார்.

"கொஞ்சம் வழி விடுங்க சார்" என்றான் உப்பு. "ஆளுங்க வர்றாங்க."

பீரங்கியார் ஒதுங்கி நின்றார்.